ஒரு தோல்வியோடு பஸ் ஏறும் பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவின் ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழக அணி கோப்பையோடு நிற்கிற படத்தை விளையாட்டுப் பக்கத்தில் போட்டு, 'கால்பந்து சாம்பியன்' என்று எழுதிவிட்டீர்கள். தூத்தூர்க்காரனுக்குக் கால்பந்து என்றால் காலால் உதைப்பது. இவர்கள் ஆடுவது அமெரிக்கக் கால்பந்து, முட்டை மாதிரி இருக்கிற பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், நாலு வாய்ப்புக்குள் பத்து கெஜம் நகரவில்லை என்றால் பந்து எதிராளிக்குப் போய்விடும். என் மனைவிக்கு அது பந்தை வைத்துக்கொண்டு ஆடுகிற கபடி. சரி, அது போகட்டும், நான் எழுத வந்தது வேறு.

என் மகன் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கிற கொலம்பஸில் வேலை பார்க்கிறான். அவனால்தான் இந்தப் பைத்தியம் எனக்கும் பிடித்தது. 2024 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலில் போனவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து படுக்கப் போனேன், ராத்திரி பத்தரைக்கு அவன் கூப்பிட்டு, 'அப்பா, மிச்சிகனோடு ஆட்டம், பாருங்க' என்றான். சொந்த மைதானம், லட்சம் பேருக்கு மேல் கூட்டம், ஆனால் ஓஹியோ ஸ்டேட் 13-10 என்று தோற்றது. அதே மிச்சிகனிடம் தொடர்ந்து நாலாவது வருசம்! ஜெயித்தவர்கள் நடு மைதானத்தில் கொடியை ஊன்றப் போக, அடிதடி, போலீஸ் மிளகு ஸ்ப்ரே அடித்தது. (அணிக்கு ஏழு பேர் ஆடுகிற நம் செவன்ஸ் போட்டிகளில் பார்க்காததா என்று நினைத்துக்கொண்டேன்.) கோச் ரயன் டேயை வீட்டுக்கு அனுப்பு என்று ஊரே கத்தியது. அக்டோபரில் ஓரிகனிடமும் ஒரே ஒரு புள்ளியில், 32-31 என்று தோற்றிருந்தார்கள்.

நம் ஊரில் என்றால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அங்கே முடியவில்லை. அதுவரை நாலு அணிகள் ஆடிக்கொண்டிருந்த, சாம்பியனைத் தீர்மானிக்கிற பிளேஆஃப் சுற்றில் அந்த வருசம்தான் முதல்முறையாகப் பன்னிரண்டு அணிகளைச் சேர்த்தார்கள். ரெண்டு தோல்வியோடு இவர்களும் உள்ளே வந்தார்கள். டென்னசியை 42-17, அதே ஓரிகனை 41-21, டெக்சாஸை 28-14 என்று வரிசையாக ஜெயித்தார்கள். இறுதி ஆட்டம் நமக்கு ஜனவரி 21 காலை ஆறு மணி, கடப்புறத்தில் மீன் ஏலம் போகிற நேரம், நான் செல்போனோடு திண்ணையில். 31-7 என்று இருந்த ஆட்டத்தை எதிரணி நோட்ரடேம் 31-23 வரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. மூணாவது வாய்ப்பு, போக வேண்டியது பதினொரு கெஜம். ஓஹியோ ஸ்டேட்டின் வில் ஹோவர்ட் தூக்கி எறிந்த பந்தை முதலாம் ஆண்டுப் பையன் ஜெரமையா ஸ்மித் பிடித்தானே, 56 கெஜம்! கடைசியில் 34-23.

இதே மகன் இங்கே கல்லூரி அணியில் ஆடியவன். வெளியூரில் பல்கலைக்கழகப் போட்டி, எல்லாம் நாக்-அவுட், ஒரு ஆட்டம் தோற்றால் வெளியே. முதல் ஆட்டத்திலேயே பெனால்டியில் தோற்று, மதியத்துக்குக் கட்டிக்கொடுத்த புளிசாதப் பொட்டலத்தைப் பிரிக்காமலே அன்று சாயங்காலம் பஸ்ஸில் திரும்பிவிட்டான். ஆறு மாசம் விடியற்காலையில் ஓடியதற்கு அந்தத் தொண்ணூறு நிமிசம்தான் அவனுக்கு சீசன். அடுத்த நாள் பேப்பரில் ஒரு வரி கிடையாது. இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து) வரைக்கும் போன கரை இது, ஆனால் கல்லூரியில் ஆடுகிறவன் எப்படி ஆடுகிறான் என்று பக்கத்து ஊருக்குக்கூடத் தெரியாது.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், தூத்தூர் என்று பக்கம் பக்கமாகக் கல்லூரிகள் இருக்கின்றன, பஸ்ஸில் போய்வருகிற தூரம்தான். சனிக்கிழமைதோறும், தோற்றாலும் வெளியே போகாமல் ஒவ்வொரு அணியோடும் மோதுகிற லீக்காக ஆடவிட்டால் என்ன செலவாகிவிடும்? ஒரு தோல்விக்கு அப்புறம் அடுத்த சனிக்கிழமை என்று ஒன்று இருக்கட்டும். கல்லூரிக்காரர்கள் காதில் விழும்படி நீங்கள்தான் எழுத வேண்டும், ஸ்கோரையும் நாலு வரி போடுங்கள். முதல் ஆட்டத்தை எங்கள் ஊரில் வைத்தால் கோல்போஸ்ட்டுக்கு வலை நாங்களே பின்னித் தருகிறோம்.

இப்படிக்கு,
தூத்தூர் வாசகர் ஒருவர்,
குமரி மாவட்டம்