சொல் கொடுத்தால் எழுத வருமா?

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்து, சொட்டு மருந்தையும் நிறுத்திவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. வரி மேலே கீழே போகாமல் நேராக வந்திருக்கிறது. அதைப் பார்த்தே பார்வை தெளிந்துவிட்டது என்று வீட்டில் சொன்னேன். இங்கே எல்லாரும் சுகம். சின்னவளுக்குக் காரைக்காலுக்கு மாற்றல். நடுவில் பள்ளிக்கூடம் மாற்ற வேண்டாமென்று பேத்தியை எங்களிடமே விட்டுப் போயிருக்கிறாள்.

நீ கேட்டதற்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் மொட்டை மாடியில் சில பேர் கூடி, சீட்டு எடுத்து, அதில் வந்த சொல்லுக்கு உடனே எழுதுகிறோம் என்று சொல்லியிருந்தேன். 'எழுத்து என்றால் தானாக வரவேண்டும். சொல்லைக் கொடுத்து, கடிகாரத்தைப் பார்த்து எழுதுவது பள்ளிக்கூடத்துக் கட்டுரைப் போட்டி' என்று நீ பதில் போட்டிருக்கிறாய். நான் அப்படி நினைக்கவில்லை. ஏன் என்று விவரமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நடப்பது இதுதான். ஆளுக்கொரு சொல்லை எழுதி பிஸ்கட் டப்பாவில் போடுவோம். பேத்தி ஒன்றை எடுத்துப் படிப்பாள். பத்து நிமிடம். பேனா நிற்கக் கூடாது, அடித்துத் திருத்தக் கூடாது. ஒன்றும் தோன்றாவிட்டால் 'ஒன்றும் தோன்றவில்லை' என்பதையே எழுதிக்கொண்டு போகலாம். பீட்டர் எல்போ என்ற அமெரிக்க ஆசிரியர் 1973-இல் வந்த புத்தகத்தில் சொன்ன முறை இது. திருத்துவது தப்பில்லை, எழுதும்போதே திருத்துவதுதான் கையைக் கட்டிப்போடுகிறது என்பது அவர் கட்சி. முடிந்ததும் அவரவர் எழுதியதை வாசிப்போம். அன்றைக்கு யாரும் குறை சொல்வதில்லை.

ஒன்று கவனித்தேன். 'அன்பு', 'சுதந்திரம்', 'தாய்மை' என்று பெரிய சொல்லாக வந்தால் எல்லார் நோட்டிலும் மேடைப் பேச்சுதான் இருக்கும். யார் எழுதியது என்றே பிரித்துச் சொல்ல முடியாது. கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய சின்னப் பொருளாக இருந்தால் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. ஒருநாள் 'அடகுச் சீட்டு' வந்தது. எங்களோடு ஒரு ரிட்டயர்டு டீச்சர் உட்காருகிறார், அதிகம் பேசமாட்டார். வறுமை கொடிது, ஏழையின் கண்ணீர் என்று அரைப் பக்கம் ஓடியிருந்தது. அதெல்லாம் தீர்ந்துபோன பிறகும் பேனாவை நிறுத்தக் கூடாதே! அப்போது வந்திருக்கிறது இந்த வரி: 'அம்மா கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்த அந்த ஆறு மாதமும், சங்கிலி அறுந்துபோச்சு, பத்தர்கிட்ட குடுத்திருக்கேன் என்றே தெருவில் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் அதை நம்பினேன்.' வாசித்து முடித்ததும், ஐம்பது வருஷத்தில் இதை யாரிடமும் சொன்னதில்லை என்றார். தானாக வரட்டும் என்று விட்டிருந்தால் அந்தச் சங்கிலி வந்திருக்குமா, நீயே சொல்.

எங்கள் அனுபவத்தில் முதல் மூன்று நான்கு நிமிடம் வருவது பெரும்பாலும் எங்கேயோ கேட்டது, படித்தது. அது வடிந்த பிறகும் கை நகர்ந்துகொண்டிருந்தால்தான் நம்முடையது வருகிறது. 1919-இல் பிரான்சில் ஆந்த்ரே பிரெத்தோனும் பிலிப் சுப்போவும் மனக்கட்டுப்பாட்டை முழுக்க விட்டுவிட்டு வேகவேகமாக எழுதிப் பார்த்தார்கள். அப்படி வருவதை அப்படியே அச்சில் போடுவது எனக்கு ஒப்பவில்லை. படிக்கிறவனுக்கும் ஒரு பிடி வேண்டும். நாங்கள் மறுவாரம் உட்கார்ந்து திருத்துகிறோம். அன்றைக்குத் தயவுதாட்சண்யமே கிடையாது.

பேத்திக்குப் பிடித்தது இரண்டு சீட்டு ஆட்டம். இத்தாலியில் ஜான்னி ரொதாரி என்று ஒருவர், குழந்தைகளுக்கு எழுதியவர். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு சொற்களைப் பக்கத்தில் வைத்தால் கதை பிறக்கும் என்பார். அவர் சொன்ன உதாரணம் நாயும் அலமாரியும். நாயின் அலமாரி, அலமாரிக்குள் நாய், முதுகில் அலமாரியோடு நாய் என்று சேர்த்துப் பார்த்துக்கொண்டே போகவேண்டியதுதான். எங்களுக்கு ஒருநாள் 'தேர்வடம்', 'பல்செட்' இரண்டும் வந்தன. ஒரு கல்லூரிப் பையன் எழுதினான்: வில்லியனூர்த் தேருக்கு வடம் பிடிக்கப் போகும் தாத்தா, வாய்விட்டுக் கத்துவதற்குத் தோதாகப் பல்செட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார், கூட்ட நெரிசலில் அது எங்கேயோ விழுந்துவிடுகிறது, அடுத்த வருஷம் பல் இல்லாமலே வந்து, போன வருஷத்தைவிட உரக்கக் கத்துகிறார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அந்தக் கிழவரை எனக்கு மறக்கவே முடியவில்லை.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று நீ ஒதுக்க முடியாது. செருப்பில் தொடங்கி விளக்குமாற்றில் முடித்து முருகன்மேல் பாடு என்று காளமேகத்தை மடக்கப் பார்த்த கதையை நமக்குச் சொல்லிக்கொடுத்தது உன் தமிழய்யாதானே? 'செருப்புக்கு வீரர்களைச் சென்றுழக்கும் வேலன்' என்று போர்க்களத்துக்குள் நுழைந்து, 'வண்டே விளக்குமாறே' என்று வழி கேட்டு முடித்துவிட்டார். செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் (ஒரே நேரத்தில் நூறு விஷயங்களைக் கவனித்துப் பதில் சொல்லும் வித்தை) செய்தபோதும் இதே கதைதான். ஒருவர் ஈற்றடி கொடுக்கிறார், ஒருவர் கணக்குக் கேட்கிறார், பக்கத்தில் மணி அடித்துக்கொண்டிருக்கிறது. அத்தனைக்கும் நடுவில் வெண்பா வருகிறது. நொடியில் வந்தது என்கிறோம். யாப்பும் சொல்லும் எத்தனை வருஷமாக அந்த மனத்தில் ஊறிக் கிடந்திருக்கும்!

எனக்கு மிகவும் நெருக்கமானது நம் ஊரில் நடந்தது. பாரதி இங்கே 1908 முதல் 1918 வரை இருந்தார். நண்பர்கள் சூழ்ந்திருந்தபோது கனகசுப்புரத்தினத்தை, அதாவது பின்னாளில் பாரதிதாசன் ஆனவரை, பாடச் சொன்னார். அங்கேயே பிறந்தது 'எங்கெங்குக் காணினும் சக்தியடா'. அதைத் தம் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் எழுதியது என்று குறித்துச் சுதேசமித்திரனுக்கு அனுப்பியவரும் பாரதியே. பாரதிதாசன் பதினெட்டு வயதிலேயே தமிழாசிரியராக வேலைக்குப் போனவர். இலக்கணமும் செய்யுளும் கையிருப்பில் இருந்தன. ஆனால் கையிருப்பு மட்டும் இருந்தால் போதுமா? 'நீ பாடு' என்று கேட்க அங்கே ஓர் ஆள் இருந்தார். சீட்டில் வரும் சொல்லையும் நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். உன்னிடம் என்ன இருக்கிறது, கொடு என்று யாரோ கேட்கிறார்கள்.

உனக்குத்தான் இதை எழுதுகிறேன், நண்பா. நம் கையெழுத்துப் பத்திரிகைக்கு இரண்டு பக்கம் காலியாக இருக்கிறது, நாளைக் காலைக்குள் வேண்டும் என்று நான் வந்து நின்றால் ராத்திரியோடு ராத்திரியாகக் கதை கொடுத்தவன் நீ. கெடிலத்தில் வெள்ளம் வந்த கதையை அப்படித்தான் எழுதினாய். தங்கச்சி போன பிறகு எழுத ஒன்றுமில்லை என்கிறாய். 2004-இல் சுனாமி அலை வந்தபோது தேவனாம்பட்டினத்துக்கு ஓடிப்போய் வாரக்கணக்கில் அங்கேயே கிடந்தவன்; 2011-இல் 'தானே' புயலன்று ராத்திரி முழுக்கத் தங்கச்சியோடு கதவை முதுகால் தாங்கிக்கொண்டு நின்றவன். உன்னிடமா ஒன்றுமில்லை? இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை. நான் கேட்கிறேன்.

'கதவு' என்று ஒரு சீட்டு எழுதி இதோடு வைத்திருக்கிறேன். புயலைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்றில்லை. பத்து நிமிடம், பேனா நிற்காமல். அடித்தல் திருத்தல் இல்லாமல் அப்படியே அனுப்பு. அடுத்த மாதம் கண் டாக்டரைப் பார்க்க இங்கே வருவதாகச் சொன்னாயே, அதை ஒரு சனிக்கிழமையாகப் பார்த்து வைத்துக்கொள். ராத்திரி தங்கி ஞாயிறு சாயங்காலம் எங்களோடு உட்கார்ந்துவிட்டுப் போகலாம். பஸ் ஏறியதும் போன் பண்ணு, ஸ்டாண்டுக்கு வந்துவிடுகிறேன்.

என்றும் அன்புடன்,
உன் பழைய பத்திரிகைக் கூட்டாளி