ஓடையோரப் புதரை விட்டுவையுங்கள்

கேரளத்து இடுக்கி மலையில் வட்டவடை, கோவிலூர்ப் பக்கத்து விவசாயிகளான அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

நானும் உங்களைப் போல மலைப்பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிறவன்தான். போன வருஷம் இரண்டு பாத்தி கூடுதலாகக் கிடைக்குமே என்று, காட்டை ஒட்டிய ஓடைக்கரைப் புதரை அடியோடு வழித்துவிட்டேன். அதற்கு முன்பு விடியற்காலை அங்கே சீட்டி அடித்தது போல நீளமாக ஒரு பாட்டு கேட்கும். அப்புறம் கேட்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

பாடியது வெண்வயிற்றுச் சோலைக்கிளி. மலையாளத்தில் கிளி என்றால் எந்தச் சிறு பறவையும்தான், ஆகவே பச்சைக்கிளியைத் தேடாதீர்கள். உடம்பு சாம்பல் கலந்த நீலம், வயிறு வெள்ளை. உலகத்தில் இந்தியாவில் மட்டும், அதிலும் பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே உயர்ந்த மலைச்சோலைகளில் மட்டும்தான் இருக்கிறது. வடக்கே நீலகிரியில் இருப்பது இதன் சொந்தக்காரப் பறவை. 2017இல் ஆய்வாளர்கள் இவை இரண்டுக்கும் 'சோலிகோலா' என்று தனிப் பேரினமே வகுத்தார்கள். இரண்டுமே அழியும் ஆபத்தில் உள்ளவை.

இது உச்சிக் கிளையில் வாழும் பறவை இல்லை. இருட்டான அடிப்புதரில் தரையோடு தரையாகப் பூச்சி பொறுக்கும். மரப்பொந்திலோ கரைமேட்டுக் குழியிலோ பாசியால் கூடு கட்டும். வெட்டவெளியைத் தாண்டிப் பறக்கத் தயங்கும். அதனால் ஒரு சோலைக்கும் அடுத்த சோலைக்கும் நடுவே இருக்கிற புதர்தான் அதற்குப் பாதை. காடு வெட்டப்பட்டுத் துண்டான இடங்களில் இதன் பாட்டே இடத்துக்கு இடம் மாறியிருப்பதாக ஆய்வில் கண்டிருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்கு மனசு கனத்துப்போனது. பக்கத்துச் சோலைக்காரனோடு பேச்சுவார்த்தை அற்றுப்போன பறவை!

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஓடையின் இரு கரையிலும் பத்தடி அகலத்துக்காவது புதரை வெட்டாமல் விடுங்கள். சித்திரை, வைகாசி கூடு கட்டும் காலம், அந்த மாதங்களில் அங்கே ஜேசிபி இறங்கவே வேண்டாம். கிராண்டிஸ் என்கிற யூகலிப்டஸ் மரத்தை வெட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: வெட்டுங்கள், தண்ணீருக்கும் நல்லதுதான். ஆனால் அதன் நிழலில் முளைத்திருக்கும் சோலைக் கன்றுகளைச் சேர்த்து உழுதுவிடாதீர்கள்.

அந்த இரண்டு பாத்தியையும் இந்தத் தடவை நான் போடவில்லை. புதர் முழங்கால் உயரம் வந்திருக்கிறது.

உங்களில் ஒருவன்