நெஞ்சு எக்ஸ்ரேல நிழல்னா டிபின்னு முடிவு பண்ணிடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2024 டிசம்பர்ல ஆரம்பிச்ச 100 நாள் டிபி முகாம்கள்ல கையில தூக்கிட்டு போற எக்ஸ்ரே மெஷின்லாம் ஊருக்குள்ளயே வந்துச்சு, நல்ல விஷயம். ஆனா "நெஞ்சுல நிழல் இருக்கு"ன்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தா போதும், வீட்ல அன்னைக்கே தட்டு டம்ளர் தனியா வச்சிடுறாங்க, அந்த மனுஷன் மனசு என்ன பாடுபடும். எக்ஸ்ரே எடுக்குற வேலைல இருக்கேன், பாத்து பாத்து வேதனையா இருக்கு.

படத்துல காத்து இருக்குற இடம் கருப்பா, எலும்பு, நீர், சளி கோத்த இடம் எல்லாம் வெள்ளையா விழும். அந்த வெள்ளையைத்தான் நிழல்னு சொல்றோம், அது டிபியா நிமோனியாவா, எப்பவோ வந்து ஆறிப்போன தழும்பான்னு ஒரே படத்தை வச்சு பல நேரம் சொல்ல முடியாது. டிபி முழுசா குணமானவங்களுக்கும் தழும்பு ஆயுசுக்கும் தெரியலாம். பொம்பளைங்க சடையை தோள்மேல போட்டுட்டு நின்னா அது நுரையீரல் மேல்பக்கம் விழும், டிபி அதிகமா புடிக்கிறதும் அதே இடம்தான், கொண்டை போட வச்சு திரும்ப எடுத்தா நிழலே இருக்காது. மார்க்காம்பு சின்ன கட்டி மாதிரி விழும். மூச்சை நல்லா இழுத்து புடிக்கலன்னா அடிப்பக்கம் வெளுத்து, இதயம் பெருசா தெரியும். கூட்டம் நிக்குதுன்னு அவசரமா எடுத்தா இதெல்லாம் தப்பத்தான் செய்யும்.

அதுக்காக நிழலை கண்டுக்காம விடவும் கூடாது. சந்தேகம்னு வந்தா அங்கயே சளி டப்பா கொடுத்து, எச்சில் வேணாம், ஆழமா இருமி வர்ற சளிதான் வேணும்னு பொறுமையா சொல்லி அனுப்பணும். ட்ரூநாட், சிபிநாட் டெஸ்ட்ல சில மணி நேரத்துலயே கிருமி இருக்கான்னு தெரிஞ்சிடும், கிருமி மருந்துக்கு கட்டுப்படுமான்னும் பாக்கலாம், அரசு ஆஸ்பத்திரில இலவசம்தான். சளில கிருமி தெரியலன்னாலும் மத்த அறிகுறிய பாத்து டாக்டர் டிபின்னு சொல்றது உண்டு, ஆனா அதை டாக்டர்தான் சொல்லணும், பக்கத்து வீட்டுக்காரங்க இல்ல.

இன்னொன்னு, பழைய படத்தை தயவுசெஞ்சு பழைய பேப்பரோட போட்டுடாதீங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எடுத்ததுலயும் அதே நிழல் அதே சைஸ்ல இருந்தா டாக்டருக்கு பாதி கவலை அங்கயே தீந்துடும், வீண் சிடி ஸ்கேன் செலவும் மிச்சம். முகாம் நோட்டீஸ்லயே "பழைய எக்ஸ்ரே இருந்தா எடுத்துட்டு வாங்க"ன்னு ஒரு வரி போட சுகாதாரத்துறை ஏற்பாடு பண்ணணும்னு உங்க பத்திரிகை மூலமா கேட்டுக்கிறேன்.

இப்படிக்கு,
எக்ஸ்ரே டெக்னீஷியன் ஒருவர்,
விழுப்புரம் மாவட்டம்.