பையனோடு பிரெஞ்சில் வம்பளக்க ஆள் தேவை

அன்புள்ள செல்வி,

பொங்கலுக்கு அப்புறம் எழுதவே இல்லை என்று திட்டாதேடி. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, மற்றபடி எல்லோரும் நலம். பாரிஸ் குளிர் எப்படி?

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த நம் சொல்தா தாத்தாவின் பேத்தி பிரான்ஸில், லியோனில் ஒரு வருடம் படித்துவிட்டு வந்திருக்கிறாள். நம் புதுச்சேரி வைசியாள் வீதித் திண்ணையில் அவளும் அங்கிருந்து கூட வந்த தோழியும் பேசுவதைக் கேட்டேன். "எனக்குத் தெரியாது" என்பதற்கு நாம் எழுதி எழுதிப் படித்தோமே, "ஜெ நெ சே பா"? அவள் "ஷே பா" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகிறாள். இல்லை என்று சொல்ல "பா"வோடு சேர்ந்து வரும் அந்த "நெ" மருந்துக்கும் இல்லை. "நாம்" என்கிற "நூ" வர வேண்டிய இடத்திலெல்லாம் பேச்சுவழக்கு "ஓன்". அந்த நேரம் பார்த்துத் தாத்தாவின் பழைய அதிகாரி உள்ளே வந்தார். உடனே "நீங்கள்" என்கிற மரியாதை "வூ" வந்தது, விட்டுப்போன "நெ"யும் வந்தது. வீட்டில் "வரல" என்பவள் மேடையேறியதும் "வரவில்லை" என்பாளே, அப்படித்தான். எனக்குப் புல்லரித்துவிட்டது.

என் பையனை நினைத்தால்தான் கவலை. பிரெஞ்சில் உயர்நிலைத் தேர்வான சி1-க்குப் படிக்கிறான், இலக்கணத்தில் குறை சொல்ல முடியாது. பீச் ரோட்டில் தன் வயதுப் பிரெஞ்சுப் பையனிடம் "ஊ அபித்தே வூ?", அதாவது "நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள்?" என்று கேட்டான். அவர்களுக்குள் "தாபித் ஊ?", "நீ எங்க இருக்க?" என்பதோடு முடிகிற கேள்வி அது. அந்தப் பையன் இரண்டே நிமிடத்தில் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டான். இவன் முகம் வாடிப்போச்சு. பிழை ஒன்றுமே இல்லை செல்வி, அதுதான் கொடுமை!

பிரெஞ்சு படிக்கும் அயர்லாந்து மாணவர்களை வைத்து வேரா ரீகன் என்ற மொழியியலாளர் ஆய்வு செய்திருக்கிறார். ஒரு வருடம் பிரான்ஸில் இருந்துவிட்டு வந்தவர்கள் "நெ"யை அதிகமாக விட ஆரம்பித்திருந்தார்கள். புத்தகத்தில் இது வராது, பழகினால்தான் வரும். ஆனால் எங்கே விடலாம், எங்கே விடக்கூடாது என்பதும் தெரிய வேண்டுமே. தேர்வு அறையில் போய் "ஷே பா" என்றால் நமக்குப் பிரெஞ்சு சொல்லித்தந்த பப்பரமிட்டாய் மிஸ் மேலோகத்திலிருந்தே பிரம்பை எடுப்பார்.

அவனை லியோனுக்கு அனுப்ப இப்போது கையில் காசில்லை. அதனால் ஞாயிறு சாயங்காலம் உனக்கு போன் போடச் சொல்லியிருக்கிறேன். பாடம் எதுவும் நடத்தாதே. கால்பந்து, சினிமா, ஊர்வம்பு, எதையாவது பேசு. ஆன்ட்டியாயிற்றே என்று "வூ" போடுவான், விடாதே, "நீ" என்கிற "தூ" போட்டே பேச வை. கொஞ்ச நேரம் கழித்து போனை உன் மாடி வீட்டு டீச்சரம்மாவிடம் கொடுத்துவிடு. அங்கே தானாக "வூ"வுக்கு மாறுகிறானா என்று கவனித்து, அன்றைக்கே எனக்குச் சொல்.

உன்
கயல்