வலையிலும் வெளியிலும் விழுகிற உன் டொப்ஸ்பின் பற்றி

அன்புள்ள மருமகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை மட்டக்களப்பு, கல்லடி மண்டபத்தில் நீ மேசைப்பந்து விளையாடியதை ஓரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, என் பழைய பழக்கப்படி பஸ் டிக்கட்டின் பின்புறத்தில் கணக்கு எழுதினேன். நீ போர்ஹேன்டில் (உள்ளங்கைப் பக்கத்தால்) அடித்த 30 டொப்ஸ்பின் அடிகளில், அதாவது பந்தை முன்நோக்கிச் சுழலவைக்கிற அடிகளில், 9 வலையில் விழுந்தன. 6 மேசையைத் தாண்டிப் போயின. "என்ட கை ஒருநாள் போல ஒருநாள் இல்ல மாமா" என்று ஆட்டம் முடிந்ததும் நீ சொன்னாய். கல்முனைக்குத் திரும்பி, அன்றிரவு அந்த டிக்கட்டை மறுபடி எடுத்துப் பார்த்தபோது, பிழை உன் கையில் அவ்வளவாக இல்லை என்றும், சில வருடங்களுக்கு முன் நான் உனக்குச் சொல்லித்தந்த ஒரு பாடத்தில்தான் கூடுதலாக இருக்கிறது என்றும் பட்டது. இதே இடத்தில் தடுமாறுகிற வேறு பிள்ளைகளும் வாசிக்கட்டும் என்றுதான் தொலைபேசியில் சொல்லாமல் எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

வலையில் விழுந்த 9 பந்துகளில் 7, எதிரே நின்றவள் 'புஷ்' பண்ணி, அதாவது பந்தின் அடிப்பக்கத்தை வெட்டித் தள்ளி, பெக்ஸ்பின்னோடு (பின்நோக்கிய சுழற்சியோடு) அனுப்பியவை. வெளியே போன 6 பந்துகளில் 5, உன் முதல் டொப்ஸ்பின்னை அவள் புளொக் பண்ணி, அதாவது மட்டையை வீசாமல் தடுத்து, திருப்பிய பிறகு நீ அடித்தவை. அப்படியென்றால் உன் கை நாளுக்கு நாள் மாறவில்லை. மாற வேண்டிய இடத்திலும் மாறாமல் ஒரே அடியை அடித்துக்கொண்டிருக்கிறது. பெக்ஸ்பின்னோடு வருகிற பந்து மட்டையின் றப்பரில் பட்டதும் கீழே இறங்கப் பார்க்கும். ஆகவே முழங்காலை மடக்கி, மட்டையைத் தொடை மட்டத்துக்குத் தாழ்த்தி, அதன் முகத்தைச் சற்றே திறந்து, மேல்நோக்கித் தூக்க வேண்டும். புளொக்கில் திரும்புகிற பந்திலோ அந்தக் கீழிறக்கம் இல்லை, வேகமும் கூடுதல். அதற்கு மட்டையின் முகத்தை மூடி, இடுப்பு மட்டத்திலிருந்து முன்நோக்கி வீச வேண்டும். நீ இரண்டுக்கும் நடுவே ஒரு கோணத்தைப் பிடித்துக்கொண்டு, ஒன்றை வலைக்கும் மற்றதைச் சுவருக்கும் அனுப்புகிறாய்.

இனி என் பிழைக்கு வருகிறேன். "பந்தின் தோலை மட்டும் உரசு, அடிக்காதே" என்று உனக்கு நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! நான் விளையாடப் பழகியது 38 மில்லிமீற்றர் விட்டமும் 2.5 கிராம் எடையும் கொண்ட செல்லுலோயிட் பந்தில். அந்தச் சின்னப் பந்தை மெல்ல உரசினாலே போதும், சுழன்று வளைந்து மேசையில் இறங்கும். 2000 ஆம் ஆண்டில் பந்து 40 மில்லிமீற்றராகவும் 2.7 கிராமாகவும் மாறியது. 2014 முதல் செல்லுலோயிட் போய் பிளாஸ்டிக் வந்தது. இப்போதைய பந்து முன்னதைவிடக் குறைவாகவே சுழலும். காற்றும் அதைக் கூடுதலாகத் தடுக்கும். இந்தப் பந்தைத் தோலில் மட்டும் உரசுகிறவளுக்குப் பிழைவிட இடமே இல்லை, ஏனென்றால் மட்டை ஒரு நூல் விலகினாலும் பந்து றப்பரில் பிடிபடாமல் வழுக்கி வலைக்குள் போய்விடும். பந்து றப்பரைத் தாண்டிப் பின்னால் உள்ள ஸ்பொஞ்சில் சற்று அமிழ்ந்து, அங்கிருந்து சுழன்று கிளம்ப வேண்டும். அப்படிப் பட்டால் வருகிற சத்தம் கனமாக இருக்கும். உன் மேசையில் அன்று நான் அதிகம் கேட்டது 'சிர்' என்ற மெல்லிய சத்தம்.

கால்களையும் சொல்லவேண்டும். முதல் டொப்ஸ்பின்னை அடித்தவுடன் அது போய் விழுகிற அழகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாய். (பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, அதை மறுக்கவில்லை.) அதற்குள் புளொக் பண்ணிய பந்து உன் வயிற்றுக்கு நேரே வந்துவிடுகிறது, கையை வீச இடமில்லாமல் மணிக்கட்டால் தப்பப் பார்க்கிறாய், அதே கணத்தில் மட்டையை இறுக்கிப் பிடிக்கிறாய், கோணம் கெடுகிறது. அடித்த கையோடு மட்டையை நெஞ்சுக்கு முன்னால் கொண்டுவந்து, இரண்டு சிறு அடிகள் எடுத்து வைத்தால் பந்து உன் உடம்புக்கு முன்னால், வலப்பக்கத்தில் கிடைக்கும்.

இன்னொன்று, இது நம் ஊருக்கே உரியது. கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. அதிலும் மாரியில் மண்டபத்துக் காற்றே ஈரமாக இருக்கும். றப்பரின் மேல் படிகிற அந்த ஈரம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பந்தை வழுக்கவைக்கப் போதுமானது. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் உலர்ந்த துணியால் துடை. விளையாடி முடிந்தபின் சுத்தமான நீரில் நனைத்துப் பிழிந்த ஸ்பொஞ்சால் மெதுவாகத் துடைத்து, காய்ந்ததும் பிளாஸ்டிக் தாளால் மூடிவை. வியர்த்த உள்ளங்கையை றப்பரில் தேய்க்கும் பழக்கத்தை விட்டுவிடு.

இந்தக் கிழமை முழுவதும் பயிற்சிக்கு ஒன்றே ஒன்று போதும். நீ குட்டையாக ஒரு பெக்ஸ்பின் சேர்விஸ் போடு. தம்பி அதை நீளமாகப் புஷ் பண்ணட்டும். அதை நீ முழுப் பலத்தையும் போடாமல், வலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் போகும்படி தூக்கு. அவன் புளொக் பண்ணட்டும். இரண்டாவதை மூடிய முகத்தோடு முன்னால் வீசு. அடிக்கும் முன் ஒவ்வொரு தரமும் வாய்விட்டு "தூக்கு" அல்லது "முன்னால்" என்று சொல். தம்பி சிரிப்பான், சிரிக்கட்டும். சொல் பிந்தினால் கண் பிந்துகிறது என்று உனக்கே தெரிந்துவிடும். ஒரு நாளைக்கு 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம்; களைத்த காலோடு பழகினால் பழைய பிழைதான் திரும்ப வரும்.

அடுத்த ஞாயிறு காலை பஸ்ஸில் வருகிறேன். அலுமாரியில் ஒரு பழைய 38 மில்லிமீற்றர் பந்து உடையாமல் கிடக்கிறது, அதையும் கொண்டுவருகிறேன். முதலில் அதை உரசிப் பார், பிறகு உன் பந்தை எடு.

அன்புடன்,
மாமா