ஏழாம் வகுப்பு கடல் பார்த்த நாள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறை முடிந்த மறுவாரம், "டீச்சர், நிஜமாகவே கடலில் பசு இருக்கிறதா? பையன் ராத்திரியெல்லாம் அதையேதான் பேசுகிறான்" என்று இரண்டு அம்மாக்கள் பள்ளி வாசலில் என்னை நிறுத்திக் கேட்டார்கள். இருக்கிறது. அது எப்படி நம் பென்னாகரத்துப் பக்கம் வந்து சேர்ந்தது என்பதைச் சொல்லவும், உங்களிடம் ஓர் உதவி கேட்கவும்தான் இந்தக் கடிதம்.

ஏழாம் வகுப்பில் 38 பிள்ளைகள். அவர்களில் கடலை நேரில் பார்த்தவர்கள் நான்கே பேர். இங்கிருந்து, இராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் கடற்கரையில் உள்ள மண்டபம் என்ற ஊர் 400 கிலோமீட்டருக்கு மேல். பஸ் வைத்துக் கூட்டிப்போனால் இரண்டு இரவு தங்க வேண்டும். அந்தச் செலவை எல்லா வீடும் தாங்காது. நம் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டுப் போன ஒரு மாணவி இப்போது அந்தக் கரையில் கடல் உயிர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். "டீச்சர், நான் கடலில் இறங்கி நிற்கிறேன், நீங்கள் ஸ்மார்ட் போர்டில் பாருங்கள்" என்று அவளே முன்வந்தாள். வீடியோ கான்ஃபரன்ஸ் வழியாகப் போகும் களப்பயணம் என்று இதைச் சொல்கிறார்கள்.

இது புதிய யோசனையும் அல்ல. 1985-இல் டைட்டானிக் கப்பல் கடலடியில் கிடப்பதைக் கண்டுபிடித்த குழுவில் முதன்மையானவர் ராபர்ட் பல்லார்ட். நாங்களும் உங்களோடு வரலாமா என்று ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். எல்லோரையும் கப்பலில் ஏற்ற முடியாது என்பதால், 1989-இல் மத்தியதரைக் கடலின் அடியிலிருந்து சாட்டிலைட் மூலம் பிள்ளைகளுக்கு நேரடியாகக் காட்டினார். அன்றைக்கு அதற்குப் பெரிய பெரிய கருவிகள் வேண்டியிருந்தன. இன்றைக்கு நம் ஹைடெக் லேப் கணினியும் அந்தப் பெண்ணின் கைபேசியும் போதும்.

போதும் என்று சொல்லிவிட்டேன், ஆனால் முதல் தடவை சரியாக வரவில்லை. டிசம்பரில் வைஃபையில் முயன்றபோது பத்தே நிமிடத்தில் படம் உறைந்துவிட்டது. எங்கள் குரலே திரும்பி வந்து எங்களுக்கே கேட்டது. பிள்ளைகளின் முகம் வாடியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த முறை லேப்பிலிருந்து வகுப்புக்கு நேரடியாக கேபிள் இழுத்தோம். கல்யாணங்களுக்கு மைக் செட் போடும் தம்பி ஒருவர் ஒரு ஒலிபெருக்கியும் நல்ல மைக்கும் காசு வாங்காமல் கொடுத்தார். படம் கொஞ்சம் மங்கினால்கூட பிள்ளைகள் பொறுத்துக்கொள்கிறார்கள், பேச்சு கேட்கவில்லை என்றால் ஐந்து நிமிடத்தில் கவனம் போய்விடுகிறது. அன்றைக்கு நாங்கள் கற்றுக்கொண்டது இது. அந்தப் பெண்ணும் காற்றின் இரைச்சல் விழாமல் இருக்கத் தன் மைக்கில் பஞ்சைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

போவதற்கு முந்தைய வாரம் முழுக்கத் தயாரிப்புதான். அறிவியல் ஆசிரியை ஒரு லிட்டர் தண்ணீரில் 35 கிராம் உப்பைக் கரைத்து, ஆளுக்கு ஒரு சொட்டு நாக்கில் வைத்தார். கடல் தண்ணீரின் உப்பு ஏறத்தாழ அவ்வளவுதான். தமிழாசிரியர் நெய்தல் நிலத்தைப் பற்றிச் சொன்னார். இராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் மன்னார் வளைகுடாவில் இருக்கும் 21 தீவுகளையும் பிள்ளைகள் வரைபடத்தில் குறித்தார்கள். அந்தத் தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அப்புறம் ஒவ்வொருவரும் இரண்டு கேள்வி எழுதினார்கள். மொத்தம் 76. வகுப்பே உட்கார்ந்து பேசி அதில் 12-ஐத் தேர்ந்தெடுத்தது. சண்டை இல்லாமல் முடிந்தது என்று சொல்ல மாட்டேன்; ஆனால் எது நல்ல கேள்வி என்று பிள்ளைகள் ஒரு மணி நேரம் வாதாடியதை நான் என் பணிக்காலத்தில் அவ்வளவாகப் பார்த்ததில்லை.

நேரத்தைக்கூட நாங்கள் முடிவு செய்யவில்லை. தண்ணீர் வற்றும் நேரத்தில்தான் பாறை தெரியும் என்று அவள் சொன்னதால், அன்றைக்குக் கணக்கு வகுப்பை மதியத்துக்கு மாற்றினோம். ஜனவரியில் மன்னார் வளைகுடா பக்கம் அமைதியாக இருக்கும். அதே நேரத்தில் அடுத்த பக்கம் பாக் விரிகுடா வடகிழக்குக் காற்றில் குமுறிக்கொண்டிருக்கும். ஆடி மாதக் காற்றில் இது தலைகீழாக மாறிவிடும். அங்கே உள்ள மீனவர்கள் ஒன்றை ஆண் கடல் என்றும் மற்றதைப் பெண் கடல் என்றும் சொல்கிறார்களாம்.

அவள் முழங்கால் தண்ணீரில் நடந்தபடி காட்டினாள். பாசி எடுக்கும் பெண்கள் இருவர் பக்கத்தில் இருந்தார்கள். பாறை கிழிக்காமல் இருக்க விரல் விரலாகத் துணி சுற்றியிருந்ததைக் கேமராவுக்கு நேராக நீட்டிக் காட்டினார்கள். "அக்கா, அந்தக் கல்லுக்குப் பின்னாடி காட்டுங்க" என்று நம் பெண் ஒருத்தி கத்தினாள். அவள் குனிந்து காட்டினாள். கறுப்பாக, தடித்த வெள்ளரிப்பிஞ்சு போல ஒன்று கிடந்தது. கடல் அட்டை. "கையில் எடுங்க அக்கா" என்று பையன்கள் கேட்டார்கள். எடுக்க மாட்டேன் என்றாள். அதைப் பிடிப்பதற்கு 2001 முதல் தடை இருப்பதையும், மண்ணைத் தின்று கழித்துக் கடலடியைச் சுத்தமாக வைத்திருப்பதே அதுதான் என்பதையும் சொன்னாள். மண்புழு மாதிரியா என்று உடனே ஒருவன் கேட்டான். நான் வகுப்பின் பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். இந்தக் கேள்வி அந்த 12-இல் இல்லை.

தொலைக்காட்சியில் காட்டுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்த இடத்தில்தான் இருக்கிறது. யூடியூபில் இதைவிட அழகான கடல் படங்கள் எத்தனையோ உண்டு. எதிலும், கல்லுக்குப் பின்னால் காட்டு என்றால் கேமரா திரும்பாது.

கடைசியில்தான் கடற்பசு வந்தது. நேரில் வரவில்லை, அது அவ்வளவு எளிதில் கண்ணில் படாது. கரை ஒதுங்கிய கடற்புல்லை அள்ளிக் காட்டி, இதை மேய்ந்துதான் அது வாழ்கிறது, 3 மீட்டர் நீளமும் 400 கிலோ எடையும் வரை வளரும், மூச்சு விட மேலே வந்துதான் ஆக வேண்டும் என்று சொன்னாள். அப்போது, ஆறாம் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து வகுப்பில் வாய் திறக்காத ஒரு பையன் எழுந்தான். அவன் வீட்டில் இரண்டு மாடு. "அது பால் குடுக்குமா அக்கா? மடி எங்க இருக்கும்?" என்றான்.

அவளுக்கு அந்தக் கேள்வி அவ்வளவு பிடித்துப்போயிற்று. நம் மாட்டுக்கு மடி பின்னங்கால் பக்கம். கடற்பசுவுக்குத் துடுப்பு மாதிரியான முன்கைகளுக்கு அடியில், நமக்கு அக்குள் இருக்கும் இடத்தில் காம்பு இருக்கும் என்று தன் கையைத் தூக்கிக் காட்டினாள். ஒரு வருடத்துக்கு மேல் சுமக்கும், ஒரே குட்டி போடும், அடுத்த குட்டிக்குப் பல வருடம் ஆகும், அதனால் வலையில் ஒன்று சிக்கிச் செத்தாலும் பெரிய இழப்பு என்றாள். "எங்க மாடு ஒன்பது மாசம்தான்" என்றான் இவன். தஞ்சாவூர், புதுக்கோட்டை கரையை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் தமிழ்நாடு அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்ததை அவள் அப்புறம் விளக்கியபோது, வகுப்பில் ஒரு சத்தம் இல்லை.

சரி, உங்கள் கவலைகளுக்கு வருகிறேன். கரோனா காலத்தில் செல்போனைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளைகள் பட்டது போதாதா என்று ஓர் அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. அன்று ஒவ்வொரு பிள்ளையும் தனியாக, சின்னத் திரையில், மணிக்கணக்காக உட்கார்ந்தது. இது வகுப்பு முழுக்க ஒன்றாக, ஒரே திரையில், 40 நிமிடம். ஒரு பருவத்துக்கு இரண்டு முறைக்கு மேல் செய்யப்போவதில்லை. யாருடைய கைபேசியும் தேவையில்லை. கேமரா வகுப்பை மொத்தமாகக் காட்டும். தனியாகப் பிள்ளைகளின் முகத்தைக் காட்டாது. எதையும் பதிவு செய்ய மாட்டோம், யாருக்கும் எண் கொடுக்க மாட்டோம், ஆசிரியர் இல்லாமல் ஒரு நிமிடமும் இணைப்பு இருக்காது. இதைக் காட்டி மேட்டூர் அணைக்குப் போகும் பஸ் பயணத்தை நிறுத்திவிடுவீர்களா என்றும் கேட்டார்கள். நிறுத்த மாட்டோம். கால் நனைகிற இடத்துக்குக் காலோடு போவதுதான் சரி.

இப்போது உதவி. அந்தக் கரையோரத்துப் பள்ளி ஒன்றின் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நம் ஊரைப் பார்க்க விரும்புகிறார்கள். இந்த மாதக் கடைசியில் புளி உலுக்குவதைக் காட்டலாம் என்று நம் பிள்ளைகளே முடிவு செய்துவிட்டார்கள். தினம் மீன் குழம்பில் கரைகிற புளி மரத்தில் எப்படித் தொங்கும், ஓடு தட்டிக் கொட்டை எடுப்பது எவ்வளவு வேலை என்று அவர்கள் பார்த்ததில்லையாம். பள்ளிக்குப் பக்கத்தில் மரம் உள்ளவர்கள், ஒரு காலைப் பொழுது எங்களை அனுமதியுங்கள். புளி தட்டும் அம்மாக்கள் யாராவது கையில் சுத்தியலோடு பிள்ளைகளுக்குப் பதில் சொல்ல வந்தால் எனக்கு அதைவிட மகிழ்ச்சி இல்லை. நீங்கள் சொல்வதுதான் அன்றைக்குப் பாடம்.

இன்னொன்றும் உண்டு. உங்களில் பலர் பெங்களூரில் கட்டட வேலையிலும் திருப்பூரில் பனியன் கம்பெனியிலும் லாரியிலும் இருக்கிறீர்கள். அப்பா வேலை செய்யும் இடத்தைப் பார்க்காத பிள்ளைகள் நம் வகுப்பில் நிறையப் பேர். மேஸ்திரியிடமோ முதலாளியிடமோ அனுமதி வாங்கி, சாப்பாட்டு இடைவேளையில் 20 நிமிடம் எங்களோடு இணைய முடியுமா? தூக்குக் குண்டு எப்படிப் பிடிப்பது, ஒரு பனியன் எத்தனை கை மாறிப் போகிறது என்று காட்டினால் போதும். அனுமதி கிடைக்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம். வேலைக்கு இடைஞ்சல் வரக் கூடாது.

பிள்ளையிடம் ஒரு சீட்டு கொடுத்திருக்கிறேன். மேல் பாதியில் சம்மதக் கையெழுத்து. கீழ்ப் பாதியில், கடற்கரைப் பிள்ளைகளிடம் உங்கள் வீட்டிலிருந்து கேட்க விரும்பும் ஒரு கேள்வி. எழுதத் தெரியாதவர்கள் சொல்லுங்கள், பிள்ளை எழுதட்டும். பாட்டி தாத்தா கேட்டாலும் எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் வந்துவிட வேண்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியை