ஹகோடாட்டேயிலிருந்து மருதமுத்துவுக்கு

மார்ச் 23

அன்புள்ள மருதமுத்து,

உன் கடிதம் பதினேழு நாள் அலைந்து வந்து சேர்ந்தது. முழங்காலுக்குப் போடும் எண்ணெய் கேட்கிறதா என்று நீ எழுதவில்லை. மாடிப்படி ஏறியதைப் பற்றி ஒரு பக்கம் பெருமையடித்திருப்பதால், கேட்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

"பூகம்ப நாட்டில் போய் உட்கார்ந்திருக்கிறாயே, பயமாக இல்லையா?" என்று கேட்டிருந்தாய். நாங்கள் ஜப்பானுக்கு, மகள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதமாகிறது. ஒரே ஒரு நாள் அலமாரிக் கதவு கடகடத்தது. பூனை என்று நினைத்து உன் தங்கை விரட்டப் போனாள். என்னைக் கலங்கடித்தது வேறு. இங்கே அநேகமாக எல்லா வீட்டுச் சுவரோரமும் நானூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும் மண்ணெண்ணெய்த் தொட்டி நிற்கிறது. இரும்புக் கால்களில் நிற்கும் தகரத் தொட்டி. அதிலிருந்து விரல் தடிமனில் ஒரு குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே கணப்புக்குப் போகிறது. குளிர்காலம் முழுவதும் அது எரிந்தபடியே இருக்கும். ஸ்டவ் வெடித்த வீடுகளை எத்தனை பார்த்திருப்போம் நாம்! முதல் இரண்டு இரவு எழுந்து எழுந்து போய் மூக்கை வைத்து முகர்ந்து பார்த்தேன். மூன்றாம் நாள் மகள், "அப்பா, தீயணைப்பு வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பத்து வருடமாகிவிட்டது" என்றாள். அவளுக்கு என்ன தெரியும்.

குளிரைப் பற்றி நீ நினைப்பதுபோல் இல்லை. ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவின் தென்கோடி இது. ஜனவரியின் சராசரி வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு மூன்று டிகிரிதான். ஜப்பான் கடலிலிருந்து வெதுவெதுப்பான நீரோட்டம் ஒன்று, இந்தத் தீவை ஜப்பானின் பெரிய தீவிலிருந்து பிரிக்கும் ட்சுகாரு நீரிணை வழியாகக் கிழக்கே போகிறது. அந்தப் புண்ணியத்தில் துறைமுகம் உறைவதில்லை. ஆகஸ்டிலும் 22 டிகிரிதானாம். ஜப்பானின் மற்ற பகுதிகளை ஜூன் மாதத்தில் ஊறவைக்கும் மழைக்காலம் ஹொக்கைடோவுக்குக் கிடையாது. கேட்க எல்லாம் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் காற்று இருக்கிறதே! பனி மேலிருந்து விழுவதில்லை இங்கே, பக்கவாட்டில் வருகிறது. நான் குடையை விரித்த முதல் நாளே அது போய்விட்டது. ஒரு பாட்டி அதைத் துரத்திப் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார், கம்பிகள் எல்லாம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க.

காற்று ஏன் இப்படி என்பது மலைமேல் ஏறினால் புரிகிறது. ஹகோடாட்டே மலை 334 மீட்டர்தான். மாடு படுத்திருப்பதுபோல் தோன்றுவதால் 'படுத்த மாட்டு மலை' என்று இன்னொரு பெயரும் உண்டு. எந்தப் பக்கம் தலை என்பதில் எனக்கும் மாப்பிள்ளைக்கும் இன்னும் தீராத வழக்கு. எரிமலை கக்கிய பாறையாக, ஒரு காலத்தில் இது தனித் தீவாக இருந்தது. அலைகள் மணலைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டி அதை ஹொக்கைடோவோடு ஒட்டவைத்துவிட்டன. ஒட்டிய அந்த மணல் கழுத்தின்மேல்தான் ஊர் உட்கார்ந்திருக்கிறது. மெலிந்த இடத்தில் அகலம் ஒரு கிலோமீட்டர் இருக்கும். ஒரு பக்கம் விரிகுடா, மறுபக்கம் நீரிணை. இரவில் மேலிருந்து பார்த்தால் விளக்குகளால் செய்த உடுக்கை ஒன்றை இருட்டில் கிடத்தியதுபோல் இருக்கிறது. சுற்றுலாக்காரர்கள் அதற்காகவே கேபிள் காரில் நெருக்கியடித்துக்கொண்டு ஏறுகிறார்கள். எல்லோரும் "ஆ" என்று வாய்பிளந்தபோது, எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இது எதிரெதிரே திறந்து வைத்த இரண்டு ஜன்னல்களுக்கு நடுவில் விளக்கேற்றி வைத்த வீடு.

நினைத்தது சரியாகத்தான் இருந்தது. இந்த ஊரின் வரலாறே தீயின் வரலாறு. 1878, 1879, 1907, 1934 என்று பெரிய தீ வரிசையாக வந்திருக்கிறது; சில்லறைத் தீக்களைச் சேர்க்கவில்லை. இரண்டு பக்கமும் கடல் இருக்கும் ஊர், மருதமுத்து! தண்ணீர் பக்கத்தில் இருப்பதற்கும் தண்ணீர் கைக்கு வருவதற்கும் உள்ள தூரம் உனக்கும் எனக்கும் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும்?

1934-ஐ மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மார்ச் 21, மாலை ஏழு மணிக்குச் சற்று முன். மலையடிவாரத்தில், ஊரின் தென்கோடியில் சுமியோஷி என்ற பகுதி. கடும்புயல் காற்று ஒரு வீட்டைச் சாய்த்தது. உள்ளே இருந்த அடுப்பின் நெருப்பு சிதறிப் பற்றிக்கொண்டது. மரவீடுகள். காற்று தெற்கிலிருந்து ஊரை நோக்கி ஊதியது. மக்கள் காற்றின் போக்கை அனுசரித்து ஓடினார்கள். பிறகு காற்று தென்மேற்காகத் திரும்பியது, அதன்பின் மேற்காக. ஓடியவர்களைத் தீ பக்கவாட்டிலிருந்து வந்து மறித்து, ஓமோரிக் கடற்கரைக்குத் தள்ளிக்கொண்டு போனது. முன்னால் பேரலை, பின்னால் தீ. கடலில் மூழ்கி இறந்தவர்கள் உண்டு, கரையில் ஈரத்தோடு உறைந்து இறந்தவர்களும் உண்டு. மொத்தம் 2,166 பேர். எரிந்த கட்டடங்கள் பத்தாயிரத்துக்கு மேல். காற்று திசை திரும்பும் அந்தப் பத்து நிமிடம் எப்படி இருக்கும் என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நேற்று முன்தினம் அந்த நாள். ஓமோரியில் இறந்தவர்களுக்கென்று ஒரு நினைவு மண்டபம் இருக்கிறது. யார் எவரென்று தெரியாமல்போனவர்களின் எலும்புகளை அதில்தான் வைத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் மார்ச் 21-இல் பிரார்த்தனை நடக்கும் என்று மகள் சொன்னாள், போனோம். சிறு கூட்டம், பெரும்பாலும் கிழவர்கள். பிட்சுக்கள் ஓதினார்கள். எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. ஊதுவத்திப் பொடியைக் கிள்ளி எடுத்துக் கங்கில் தூவ வேண்டும். முன்னால் நின்றவரைப் பார்த்து அப்படியே செய்தேன். கை நடுங்கியது, குளிர் என்று வைத்துக்கொள். வெளியே வந்தால் தெருவைத் தாண்டிக் கடல். அன்றைக்குக் காற்றே இல்லை.

ஆனால் நான் உனக்கு எழுத நினைத்தது அழுகையை அல்ல. எரிந்த ஒவ்வொரு முறையும் இந்த ஊர் என்ன செய்தது என்பதை. 1879-க்குப் பிறகு, மலைச்சரிவில் இறங்கும் தெரு ஒன்றைத் தீ தாண்டாத அளவுக்கு அகலமாக்கினார்கள். அகலம் அந்தக்கால அளவில் இருபது 'கென்', அதாவது சுமார் 36 மீட்டர். தெருவின் பெயரே 'இருபது கென் சரிவு'தான்! எதற்காக அகலம் என்று பெயரிலேயே எழுதி வைத்துவிட்டால் யார் வந்து கடை போட்டு அடைப்பது? 1907-இல் எரிந்துபோன ஹிகாஷி ஹொங்கான்ஜி என்ற பௌத்தக் கோயிலை, மரத்தில் கட்டுவதில்லை என்று முடிவெடுத்து 1915-இல் இரும்புக் கம்பி வைத்த கான்கிரீட்டில் கட்டி முடித்தார்கள். ஜப்பானில் அப்படிக் கட்டிய முதல் கோயில் அதுதான். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது; பழைய பாணி ஓட்டுக் கூரை. கிட்டே போய்த் தூணைத் தட்டினேன். மரத்தின் சத்தம் இல்லை.

1934-க்குப் பிறகு ஊருக்குக் குறுக்கே 55 மீட்டர் அகலத்தில் மரம் நட்ட சாலைகளை இழுத்தார்கள். தீ ஒரு பக்கம் பிடித்தால் அந்தப் பக்கத்தோடு நிற்க வேண்டும் என்பது கணக்கு. நடுவில் மரங்கள், இருபுறமும் வாகனங்கள். இப்போது கார்களுக்கே அது தேவைக்கு மேல். 1913 முதல் ஓடும் டிராம் வண்டிகளில் பாதி நேரம் நானும் நாலு கிழவர்களும்தான். ஊரின் மக்கள்தொகை வருடா வருடம் சுருங்குகிறது. இரண்டரை லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது.

அப்புறம் ஹைட்ரண்ட், தீயணைக்கத் தண்ணீர் எடுக்கும் தெருக்குழாய். இதைச் சொல்லாமல் உனக்குக் கடிதம் எழுதி என்ன பயன்? இங்கே தெருமுனைகளில் நிற்கும் ஹைட்ரண்டுகள் மஞ்சள் நிறம். வெண்பனியில் பளிச்சென்று தெரிகின்றன. குட்டையான தண்டு, தலையில் குல்லா, மூன்று வாய்கள். ஒன்றின் முன்னால் குந்தி உட்கார்ந்து மூடியைத் தடவிப் பார்த்தேன். துரு இல்லை. சங்கிலி அறுந்திருக்கவில்லை. சுற்றிலும் பனியை யாரோ மண்வெட்டியால் ஒதுக்கிவிட்டிருந்தார்கள். மாப்பிள்ளை கொஞ்சம் தள்ளிப்போய் நின்றுகொண்டார், என்னைத் தெரியாதவர்போல.

பழைய கதையும் கொஞ்சம் சொல்கிறேன், இல்லாவிட்டால் வரலாறு படித்தவன் என்று நீ பீற்றிக்கொள்வாய். இந்தத் தீவின் பூர்வகுடிகளான ஐனு மக்கள் இதற்கு வைத்த பெயருக்கு 'விரிகுடாவின் முடிவு' என்று பொருள். 15-ஆம் நூற்றாண்டில் ஒரு தலைவன் இங்கே கட்டிய கோட்டைவீடு பெட்டிபோல் இருந்ததாம். ஹகோ என்றால் பெட்டி, அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு தகாதாயா காஹெய் என்ற வணிகர் வந்து இதைத் தன் தளமாக்கினார். அவர்போன்றோரின் கப்பல்கள் இங்கிருந்து ஒரு கடற்பாசியை ஒசாக்காவுக்கு ஏற்றிப்போயின. ஜப்பானிய ரசத்துக்கு அதுதான் அடிப்படை. அதன் பெயர் என்ன தெரியுமா? கொம்பு! "இன்றைக்குக் கொம்பு ரசம்" என்று உன் தங்கை சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது. 1854-இல் அமெரிக்கக் கப்பற்படை வந்து கதவைத் தட்டியது. 1859-இல் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்த முதல் துறைமுகங்களில் இதுவும் ஒன்று. அதனால்தான் மலைச்சரிவில் ருஷ்ய ஆர்த்தடாக்ஸ் தேவாலயமும் பௌத்தக் கோயிலும் அண்டை வீட்டுக்காரர்களாக இருக்கின்றன.

நட்சத்திர வடிவத்தில் ஐந்து முனைக் கோட்டை ஒன்றும் உண்டு, கோர்யோகாக்கு. பீரங்கிக் காலத்துக்கென்று மேனாட்டு முறையில் கட்டியது. 1868-இல் பழைய ஆட்சியின் விசுவாசிகள் கப்பலேறி வந்து இதைப் பிடித்து, எனோமோட்டோ தாக்கேயாக்கியைத் தலைவராக்கித் தனி அரசு நடத்தினார்கள். அடுத்த கோடைக்குள் சரணடைந்தாயிற்று. கோட்டைக்குள் இருந்த ஆட்சியர் மாளிகையின் மேல் உயரமாக ஒரு முரசு மாடம். விரிகுடாவில் நின்ற எதிரிக் கப்பலுக்குக் குறிபார்க்க அதுவே அடையாளமாகிப் போனது. ஊரெல்லாம் தெரிய வேண்டும் என்று கட்டினால் எல்லோருக்கும்தானே தெரியும்.

இன்னொன்று. துறைமுகத்தில் மஷூ மாரு என்ற பழைய ரயில் கப்பல் காட்சிப்பொருளாக நிற்கிறது. ரயில் பெட்டிகளையே வயிற்றில் ஏற்றிக்கொண்டு நீரிணையைக் கடந்த கப்பல்களில் ஒன்று. அதைப் பார்க்கப் போனபோதுதான் டோயா மாரு பற்றி அறிந்தேன். 1954 செப்டம்பர் 26, சூறாவளி நாள். மாலையில் வானம் வெளுத்துக் காற்று அடங்கியது. புயலின் கண் கடந்துபோகிறது என்று கணித்துக் கப்பலை எடுத்தார்கள். அது கண் அல்ல. விரிகுடாவைவிட்டு வெளியே போகவில்லை, கரை தெரியும் தூரத்திலேயே கவிழ்ந்தது. 1,155 பேர். அதே இரவு இன்னும் நான்கு கப்பல்களும் மூழ்கின. அதே காற்றில்தான் இவாநாய் என்ற ஊரில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் எரிந்தன. ஒரே காற்று ஓரிடத்தில் தண்ணீராலும் இன்னோரிடத்தில் நெருப்பாலும் கொன்றிருக்கிறது. கடலுக்கு அடியில் சுரங்கப்பாதை வேண்டும் என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் வலுத்தது. 53.85 கிலோமீட்டர், 1988 மார்ச் 13-இல் திறந்தார்கள். அன்றே ரயில் கப்பல்கள் நின்றுபோயின. நாங்கள் டோக்கியோவிலிருந்து புல்லட் ரயிலில் அதற்குள்தான் வந்தோம். வெளியே கும்மிருட்டு, உன் தங்கை புளியோதரைப் பொட்டலத்தை அங்கேதான் பிரித்தாள்.

மகளின் ஆராய்ச்சி கணவாய் மீனைப் பற்றி. ஊரின் பெருமையே அதுதான், கோடைத் திருவிழாவில் கணவாய் ஆட்டம் என்றே ஒன்று ஆடுவார்களாம். ஆனால் சில வருடங்களாகக் கணவாய் வரத்து பெரிதும் குறைந்துவிட்டது. கடல் சூடாகிறது, தெற்கே கிடைக்கும் புரி என்ற மீன் இங்கே வலையில் விழுகிறது. காலைச் சந்தையில் அதை விற்பவர்களுக்கே அதைச் சமைக்கும் பழக்கம் குறைவு என்கிறாள்.

மருதமுத்து, அந்தக் கண்மாய்க்கரைத் தீயை நான் கடிதத்தில் எழுதியதே இல்லை, நீயும்தான். பங்குனி மாதம், பிற்பகல் இரண்டு மணி. வண்டி சந்துமுனையில் மாட்டிக்கொண்டது. ஹோஸை இணைத்து இணைத்து ஓடினோம். கண்மாயில் தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்தது. அகலப்படுத்த வேண்டும் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தோம். இருபது கென் சரிவை நேற்று அடிவைத்து அளந்தேன், ஓரத்துக்கு ஓரம். ஐம்பது காலடி வந்தது, பனியில் இரண்டு முறை வழுக்கியதையும் சேர்த்து. அளந்துகொண்டிருந்தபோது எனக்கு அந்தச் சந்துதான் நினைவு.

முழங்கால் சரியாகிவிட்டது என்கிறாயே, ஒருநாள் அந்தப் பக்கம் போய்வா. இப்போது எத்தனை அடி இருக்கிறது என்று அளந்து எழுது.

அன்புடன்,
ராஜேந்திரன்

பி.கு.: யுனோகாவா என்ற இடத்தில் குரங்குகள் வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை அமிழ்ந்து கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. முகம் சிவந்து, தலையில் பனி. உன் பேரனிடம் சொல், நம்பமாட்டான். படம் இத்துடன் இருக்கிறது. இடது கோடியில் இருப்பது நம் பழைய ஸ்டேஷன் ஆபீசர் ஜாடை.